பிஎச்பி எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்களுக்கு: எஞ்சினின் உள் ஏபிஐ மாற்றங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎச்பிக்கு சி மொழியில் எக்ஸ்டென்ஷன், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் மாட்யூல், எழுதுபவர்களுக்கும், யாரோ எழுதிவிட்டுப் போன எக்ஸ்டென்ஷன் தலையில் வந்து விழுந்தவர்களுக்கும் இந்தப் பக்கம். இரண்டாவது ரகம்தான் அதிகம். நானும் அப்படித்தான் உள்ளே வந்தேன். மேக்ரோ, ஃபங்ஷன் பெயர்களை வாயால் எப்படிச் சொல்வோமோ அப்படியே எழுதியிருக்கிறேன். சோர்ஸில் தேடும்போது அடிக்கோடும் பெரிய எழுத்தும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிஎச்பி கோட் எழுதுபவர்களுக்குப் பெரிதாக எதுவும் உடைவதில்லை. நமக்கு மட்டும் ஏன் வருடா வருடம் இந்தப் பாடு?

மொழிக்குக் கொடுத்திருக்கும் வாக்கு வேறு, அதை ஓட்டும் எஞ்சினின் (‘ஸெண்ட்’ என்பது அதன் பெயர்) உள்புறத்துக்குக் கொடுத்திருக்கும் வாக்கு வேறு. 8.2-இல் ஓடிய ஸ்கிரிப்ட் 8.3-இலும் ஓட வேண்டும் என்று பாடுபடுவார்கள். ஆனால் 8.2-இன் ஹெடர் கோப்புகளை நம்பி எழுதிய சி கோட் 8.3-இல் அப்படியே கம்பைல் ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. கடைசி எண் மட்டும் மாறும் வெளியீடுகளில், அதாவது 8.3.4-இலிருந்து 8.3.5 போன்றவற்றில், உள் அமைப்பைத் தொடக்கூடாது என்பதுதான் நமக்குக் கிடைத்திருக்கும் உறுதி.

இதற்குக் காரணமும் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் எஞ்சினுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவதில்லை. அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சின் பயன்படுத்தும் அதே ஸ்ட்ரக்ட், அதே மேக்ரோதான் நமக்கும். வேகத்துக்காக மெமரி அமைப்பை அவர்கள் மாற்றினால் அடுத்த நிமிடம் அது நம் பிரச்சினை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே பல இடங்களில் இதற்குத்தான் திரும்ப வருவேன். கம்பைல் ஆகாத மாற்றத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கம்பைலரே வரி எண்ணோடு சொல்லிவிடும், ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். அமைதியாகக் கம்பைல் ஆகி, டெஸ்டும் பாஸ் ஆகி, பிறகு ஓடும்போது கழுத்தறுக்கும் மாற்றங்கள் ஒரு ஏழெட்டு உண்டு. உங்கள் நேரத்தை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றங்களை எங்கே எழுதி வைக்கிறார்கள்?

பிஎச்பி சோர்ஸின் மேல்மட்டத்திலேயே ‘அப்கிரேடிங்’ என்று ஒரு கோப்பும், ‘அப்கிரேடிங் டாட் இன்டர்னல்ஸ்’ என்று இன்னொரு கோப்பும் இருக்கும். முதலாவது மொழியைப் பயன்படுத்துபவர்களுக்கு, இரண்டாவது நமக்கு. இரண்டையும் படியுங்கள். ஒரு மாற்றம் வெளியே தெரிகிற மாதிரி முதல் கோப்பில் இருக்கும், அதன் உள்விளைவு நம்மிடம் வந்து நிற்கும். அந்தக் கோப்பு அந்த ஒரு பதிப்புக்கு மட்டும்தான் பேசும் என்பதையும் மறக்க வேண்டாம். 7.2-இலிருந்து 8.1-க்கு வருகிறீர்கள் என்றால் நடுவில் இருக்கும் எல்லாக் கிளைகளின் கோப்பையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.

‘மாட்யூல் ஏபிஐ பொருந்தவில்லை’ என்று சொல்லி எக்ஸ்டென்ஷன் ஏறமாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

அந்தச் செய்தியில் இரண்டு எட்டு இலக்க எண்கள் இருக்கும். ஒன்று உங்கள் எக்ஸ்டென்ஷன் கம்பைல் ஆன பதிப்பின் எண். மற்றது இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பிஎச்பியின் எண். உற்றுப் பார்த்தால் அவை தேதிகள் என்று தெரியும்: 7.4-க்கு 20190902, 8.0-க்கு 20200930, 8.1-க்கு 20210902, 8.2-க்கு 20220829, 8.3-க்கு 20230831, 8.4-க்கு 20240924. எக்ஸ்டென்ஷன்கள் வைக்கப்படும் டைரக்டரியின் பெயரிலும் இதே எண்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் கோளாறு சாதாரணமானது. மெஷினில் இரண்டு பிஎச்பி இருக்கும். ஒன்றின் ‘பிஎச்பி-ஐஸ்’ (எக்ஸ்டென்ஷனைக் கட்டத் தயார்செய்யும் கட்டளை) ஓடியிருக்கும், மற்றதன் ‘பிஎச்பி-கான்ஃபிக்’ (அந்த பிஎச்பியின் அமைப்பு விவரம் சொல்லும் கட்டளை) எடுத்திருக்கும். இல்லையென்றால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகள் மிச்சம் இருக்கும். ‘பிஎச்பி-ஐஸ்’ கட்டளையை ‘கிளீன்’ விருப்பத்தோடு ஒரு முறை ஓட்டிவிட்டு, முதலிலிருந்து கட்டுங்கள். எண் ஒன்றாக இருந்தும் ஏறவில்லை என்றால், த்ரெட் பாதுகாப்புள்ள பில்டா இல்லாத பில்டா, டீபக் பில்டா இல்லையா என்று பாருங்கள். அதுவும் சரிபார்க்கப்படுகிறது.

பைனரிக்குள் அந்த எண்ணை மட்டும் மாற்றி ஏற்றிப் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். ஏறிவிடும். அப்புறம் என்ன நடக்கும் என்பது ஸ்ட்ரக்டில் எந்த உறுப்பு எங்கே நகர்ந்தது என்பதைப் பொறுத்தது.

5-க்காக எழுதிய எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. நேராக 8-க்குத் தாவலாமா?

வேண்டாம். 7-இல் இறங்கி, 7.4 வரை வந்து, பிறகு 8.0. காரணம் கீழே சொல்கிறேன், முதலில் 7.0-இல் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும்.

2015 டிசம்பரில் வந்த 7.0-இல் பிஎச்பியின் ஒவ்வொரு மதிப்பையும் தாங்கும் இசட்வால் என்ற அடிப்படை ஸ்ட்ரக்டையே பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினார்கள். 5-இல் 64 பிட் மெஷினில் ஓர் இசட்வால் 24 பைட். குப்பை சேகரிப்புக்கான தகவலும் மெமரி ஒதுக்கீட்டின் தலைப்பும் சேர்ந்தால் 48 பைட் வரை போகும். 7-இல் வெறும் 16 பைட். ஒரு மதிப்பை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை (ரெஃப்கவுண்ட்) இசட்வாலை விட்டு வெளியேறி, அது சுட்டும் மதிப்புக்குப் போய்விட்டது. முழு எண், தசம எண், உண்மை, பொய் இவற்றுக்கு எண்ணிக்கையே கிடையாது.

இதிலிருந்து மற்றதெல்லாம் வரும். ‘மேக் எஸ்டிடி இசட்வால்’ மேக்ரோ போய்விட்டது, ஏனென்றால் இசட்வாலை ஹீப்பில் ஒதுக்கவே தேவையில்லை. ஸ்டாக்கிலோ அரேயின் உள்ளேயோ நேராக உட்காரும். இரட்டைப் பாயின்டராக வாங்கிய இடமெல்லாம் ஒற்றைப் பாயின்டர் ஆகிவிட்டது. ஸ்ட்ரிங்கைத் திருப்பி அனுப்பும் மேக்ரோவில் ‘நகல் எடு’ என்று கடைசியில் போடும் 1 இப்போது இல்லை. இவையெல்லாம் கம்பைலர் பிடித்துக்கொடுக்கும் ரகம். உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான்.

கம்பைலர் பிடிக்காத ஒன்று இங்கேயே இருக்கிறது. 7-இலிருந்து ரெஃபரென்ஸ் என்பது தனி வகை. ஓர் அரேயை ரெஃபரென்ஸ் போட்டு ‘ஃபார்ஈச்’ செய்துவிட்டு உங்கள் ஃபங்ஷனுக்கு அனுப்பினால், அதற்குள் ஸ்ட்ரிங் இருக்க வேண்டிய இடத்தில் ரெஃபரென்ஸ் இருக்கலாம். வகையைப் பார்த்துப் பிரியும் ‘ஸ்விட்ச்’ நேராக ‘டிஃபால்ட்’டுக்குப் போய்விடும். ‘இசட்வால் டீரெஃப்’ மேக்ரோவை வகை பார்ப்பதற்கு முன்னால் போடுங்கள்.

எல்லாம் மாற்றிவிட்டேன், ஒரு வார்னிங் கூட இல்லை. ஆனால் எங்கோ ஒரு வேரியபிள் தானாக மாறுகிறது!

இதில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

5-இல் ‘ஸெண்ட் பார்ஸ் பாராமீட்டர்ஸ்’ ஃபங்ஷனுக்கு ‘எஸ்’ என்று குறி கொடுத்தால், ஸ்ட்ரிங்கின் பாயின்டரையும் நீளத்தையும் தரும். நீளம் ‘இன்ட்’, 4 பைட். 7-இல் அதே ‘எஸ்’ தருவது ‘சைஸ் டி’; 64 பிட்டில் 8 பைட். அந்த ஃபங்ஷன் எத்தனை ஆர்க்யுமென்ட் வேண்டுமானாலும் வாங்கும் ரகம் என்பதால், நீங்கள் எந்த வகைப் பாயின்டரைக் கொடுத்தீர்கள் என்று கம்பைலர் பார்க்காது. 4 பைட் இடத்தில் 8 பைட் எழுதப்படும்.

என்னிடம் வந்த எக்ஸ்டென்ஷனில் ஒரு ஃபங்ஷன். முதல் ஆர்க்யுமென்ட் ஒரு ஸ்ட்ரிங். இரண்டாவது, கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்ற ஒரு கொடி, முன்மதிப்பு 1. பயனர் இரண்டாவது ஆர்க்யுமென்டைக் கொடுத்தால் எல்லாம் சரி. கொடுக்காவிட்டால் கொடி 0 ஆகிவிடும். அதுவும் டீபக் பில்டில் இல்லை, ஆப்டிமைசேஷன் போட்ட பில்டில் மட்டும்.

நடந்தது இதுதான். ஆப்டிமைஸ் செய்யும்போது கம்பைலர் ஸ்டாக்கில் நீளத்துக்குப் பக்கத்திலேயே கொடியை வைத்தது. நீளம் 5 என்று எழுதும்போது கீழ் 4 பைட்டில் 5, மேல் 4 பைட்டில் பூஜ்ஜியங்கள். அந்தப் பூஜ்ஜியங்கள் கொடியின் மேல் விழுந்தன. இரண்டாவது ஆர்க்யுமென்ட் வந்திருந்தால், அதற்குப் பிறகு கொடி சரியான மதிப்போடு திரும்ப எழுதப்படும், தப்பு மறைந்துவிடும். வராவிட்டால் அழிந்தது அழிந்ததுதான். டீபக் பில்டில் இரண்டுக்கும் நடுவே காலியிடம் இருந்ததால் அங்கே எதுவும் தெரியவில்லை.

அதனால் ‘எஸ்’ குறி இருக்கும் ஒவ்வொரு வரியையும் தேடி எடுத்து, நீளத்தின் வகையைக் கண்ணால் பாருங்கள். ‘எல்’ குறிக்கும் இதே கதை: 7-இல் அது ‘ஸெண்ட் லாங்’. லினக்ஸ் 64 பிட்டில் ‘லாங்’கும் 8 பைட் என்பதால் தப்பித்துவிடும், விண்டோஸ் 64 பிட்டில் ‘லாங்’ 4 பைட்தான், அங்கே உடையும். ‘என் மெஷினில் ஓடுகிறது’ என்று சொல்ல இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

முடிந்தால் 7.0-இல் வந்த வேகமான பாராமீட்டர் மேக்ரோக்களுக்கு மாறிவிடுங்கள். வேகம் அவற்றின் விளம்பரம்தான்; எனக்குப் பிடித்தது, வகை தப்பினால் கம்பைலர் கத்தும் என்பது. ஜிசிசி கம்பைலரின் 14-ஆம் பதிப்பிலிருந்து பொருந்தாத பாயின்டர் வகை வெறும் வார்னிங் இல்லை, எரர். நமக்கு நல்லதுதான்.

அரேயில் கீ இருக்கிறது, ‘வார் டம்ப்’பிலும் தெரிகிறது, தேடினால் கிடைக்கவில்லை.

5-இல் கீயின் நீளத்தைச் சொல்லும்போது கடைசி நல் பைட்டையும் சேர்த்துச் சொல்வோம். அதனால்தான் எங்கு பார்த்தாலும் ‘சைஸ்ஆஃப்’. 7-இல் நல் பைட் கணக்கில் இல்லை. பழைய கோடில், அரேயில் கீயோடு மதிப்பைச் சேர்க்கும் ‘அட் அஸாக்’ வகை ஃபங்ஷன்களின் ‘இஎக்ஸ்’ வடிவத்துக்கு ‘சைஸ்ஆஃப்’ கொடுத்திருந்தால், பெயர் மாறாததால் அப்படியே கம்பைல் ஆகும். ஆனால் ‘நேம்’ என்ற கீக்குப் பதில், பின்னால் ஒரு நல் ஒட்டிய ‘நேம்’ உள்ளே போகும். டெர்மினலில் நல் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றைக் கழியுங்கள், அல்லது ‘இஎக்ஸ்’ இல்லாத வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

‘டிஎஸ்ஆர்எம்எல்எஸ்’ என்று ஆரம்பிக்கும் மேக்ரோக்களை என்ன செய்ய?

அழித்துவிடுங்கள். 5-இல் த்ரெட் பாதுகாப்புக்கான தகவலை ஃபங்ஷனிலிருந்து ஃபங்ஷனுக்குக் கடத்தியவை அவை. 7-இல் வெற்று மேக்ரோக்கள், 8.0-இல் இல்லவே இல்லை. 7.4 வழியாக வாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: அங்கே அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கம்பைல் ஆகும் என்பதால், நிதானமாகக் களையெடுக்கலாம். 8.0-இல் நேராக இறங்கினால் இந்த ஒன்றே நூற்றுக்கணக்கான எரர்களைக் கொட்டும். உண்மையான பிரச்சினைகள் அந்தக் குவியலுக்குள் புதைந்துபோகும்.

எங்கள் எக்ஸ்டென்ஷன் சொந்தமாக ஒரு கிளாஸ் வைத்திருக்கிறது. ஆப்ஜெக்ட் அழியும்போது ‘ஹீப் கரப்டட்’ என்று விழுகிறது.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. 5-இல் உங்கள் ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பாக ‘ஸெண்ட் ஆப்ஜெக்ட்’ இருந்திருக்கும். 7-இலிருந்து அது கடைசி உறுப்பாக இருக்க வேண்டும், ஏனென்றால் ப்ராப்பர்ட்டிகளின் அட்டவணை அதன் வாலிலேயே தொடர்கிறது. முன்னால் வைத்தால், ப்ராப்பர்ட்டி எழுதும்போது உங்கள் சொந்த உறுப்புகள்மேல் ஏறி எழுதும். ப்ராப்பர்ட்டி ஒன்றுகூட இல்லாத கிளாஸில் இது நடக்காது. அதனால் டெஸ்டில் தப்பி, யாராவது அந்தக் கிளாஸை நீட்டித்து இரண்டு ப்ராப்பர்ட்டி சேர்க்கும் நாளில் வெடிக்கும்.

இரண்டாவது, ஹேண்ட்லர் அட்டவணையில் (ஆப்ஜெக்டைப் படிக்க, எழுத, விடுவிக்க எஞ்சின் கூப்பிடும் ஃபங்ஷன்களின் பட்டியல்) ‘ஆஃப்செட்’. உங்கள் ஸ்ட்ரக்டின் தொடக்கத்திலிருந்து ‘ஸெண்ட் ஆப்ஜெக்ட்’ எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது 0 என்றே இருக்கும். விடுவிக்கும்போது நீங்கள் வாங்கிய முகவரியை விட்டுவிட்டு நடுவிலிருக்கும் முகவரியை எஞ்சின் விடுவிக்கும். ‘ஃப்ரீ’ ஹேண்ட்லருக்குள் ஆப்ஜெக்டின் மெமரியை நீங்களே விடுவிக்கவும் கூடாது. உங்கள் சொந்த உறுப்புகளை மட்டும் விடுவித்துவிட்டு, ‘ஸெண்ட் ஆப்ஜெக்ட் எஸ்டிடி டீடார்’ கூப்பிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். 7.3-இலிருந்து ஒதுக்குவதற்கு ‘ஸெண்ட் ஆப்ஜெக்ட் அலாக்’ இருக்கிறது. அளவுக் கணக்கை அதனிடமே விட்டுவிடலாம்.

8.0-இல் ஆப்ஜெக்ட் ஹேண்ட்லர்களில் என்ன மாறியது?

2020 நவம்பரில் வந்த 8.0 இந்த விஷயத்தில் பெரிய சுத்தம். ஹேண்ட்லர்கள் இசட்வால் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் நேராக ‘ஸெண்ட் ஆப்ஜெக்ட்’ பாயின்டரை வாங்குகின்றன. ப்ராப்பர்ட்டியின் பெயரும் இசட்வாலாக இல்லாமல் ‘ஸெண்ட் ஸ்ட்ரிங்’காக வருகிறது. மறைவாக ஒரு நல்லது இதில் உண்டு: ஆப்ஜெக்டா என்று சரிபார்க்கும் வரிகளெல்லாம் தேவையில்லாமல் போய்விட்டன.

எல்லா ஹேண்ட்லரும் அப்படி மாறிவிடவில்லை, கவனம். அரே மாதிரி அணுகும் ஹேண்ட்லரில் ஆப்ஜெக்ட் மாறியது, ஆனால் அரேயின் கீ போல வருவது இன்னும் இசட்வால்தான், எண்ணாகவும் இருக்கலாமே. ஒப்பிடும் ஹேண்ட்லர் ‘கம்பேர்’ என்று பெயர் மாறி, இரண்டு இசட்வால்களையே வாங்குகிறது. காரணம், இரண்டில் ஒன்று ஆப்ஜெக்டாக இல்லாவிட்டாலும் இப்போது அது கூப்பிடப்படும். அதற்கு உள்ளே நுழைந்ததும் ‘ஸெண்ட் கம்பேர் ஆப்ஜெக்ட்ஸ் ஃபால்பேக்’ மேக்ரோவைப் போட்டுவிடுங்கள்.

பழைய பாராமீட்டர் வகைகளுள்ள ஃபங்ஷனைப் புதிய அட்டவணையில் வைத்தால், பழைய கம்பைலர்கள் ஒரு வார்னிங்கோடு விட்டுவிடும். நூறு வார்னிங் வழக்கமாக ஓடும் ப்ராஜெக்டில் நூற்றியோராவதை யார் பார்ப்பார்கள்? பொருந்தாத பாயின்டர் வார்னிங்கை எரராக மாற்றிக் கட்டுங்கள். போர்ட் செய்யும் முதல் நாளே செய்ய வேண்டியது இது.

‘மிஸ்ஸிங் ஆர்க்இன்ஃபோ’ என்று தொடங்கும்போதே வார்னிங் வருகிறது. கோட் ஓடுகிறதே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். ஆர்க்இன்ஃபோ என்பது ஒரு ஃபங்ஷன் வாங்கும் பாராமீட்டர்களின் விவரம். 8.0-க்கு முன் அதன் இடத்தில் ‘நல்’ போட்டுவிட்டுப் போவது வழக்கம். 8.0-இலிருந்து ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அது வேண்டும்.

கையால் எழுதாதீர்கள். ‘ஸ்டப்’ கோப்பு என்று ஒன்றை பிஎச்பி வடிவத்திலேயே எழுதுங்கள்: ஃபங்ஷன் பெயர், பாராமீட்டர், வகை, உடல் காலி. ‘ஜென் ஸ்டப்’ ஸ்கிரிப்ட் அதிலிருந்து ஆர்க்இன்ஃபோ ஹெடரை உருவாக்கிக் கொடுக்கும். உருவான ஹெடரின் தலையில் ஸ்டப்பின் ஹேஷ் இருக்கும். ஹெடரைக் கையால் திருத்தினால் அடுத்த முறை உருவாக்கும்போது காணாமல் போகும். 7 பதிப்புகளுக்கும் கட்ட வேண்டுமென்றால், வகைகளைத் தவிர்த்த இன்னொரு பழைய பாணி ஹெடரையும் சேர்த்தே உருவாக்கச் சொல்ல ஸ்டப்பில் ஒரு குறிப்பு போதும்.

பாராமீட்டர் பெயர்களை யோசித்து வையுங்கள். 8.0-க்கு முன் அவை ரிஃப்ளெக்ஷனில் மட்டும் தெரியும் அலங்காரம். 8.0-இல் பெயர் சொல்லி ஆர்க்யுமென்ட் அனுப்பும் வசதி வந்ததும் அந்தப் பெயர் வெளியே கொடுத்த வாக்கு ஆகிவிட்டது. அவசரத்தில் ‘ஆர்க்1’, ‘ஆர்க்2’ என்று வைத்து வெளியிட்டவர்கள் இப்போது மாற்ற முடியாமல் விழிக்கிறார்கள்.

ரிசோர்ஸை விட்டு ஆப்ஜெக்டுக்கு மாறியே ஆக வேண்டுமா?

ரிசோர்ஸ், அதாவது கோப்பு, இணைப்பு போன்றவற்றைச் சுட்டும் பழைய வகை, இன்னும் வேலை செய்கிறது, கட்டாயம் இல்லை. ஆனால் எஞ்சினோடு வரும் எக்ஸ்டென்ஷன்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருக்கின்றன: 8.0-இல் ‘கர்ல்’, ‘ஜிடி’, 8.1-இல் ‘எஃப்டிபி’, ‘எல்டாப்’, ‘போஸ்ட்கிரெஸ்’ எல்லாம். புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ஆப்ஜெக்ட்தான்.

மாற்றினால் உங்கள் பயனர்களின் ‘இஸ் ரிசோர்ஸ்’ சோதனைகள் பொய் சொல்ல ஆரம்பிக்கும் என்பதை வெளியீட்டுக் குறிப்பில் பெரிதாக எழுதுங்கள். கிளாஸை ‘ஃபைனல்’ ஆக்கி, நேராக ‘நியூ’ போட முடியாதபடி தடுத்து, நகலெடுப்பதை அடைத்து, 8.1-இல் வந்த ‘நாட் சீரியலைசபிள்’ கொடியையும் வைத்துவிடுங்கள். ஒரு நெட்வொர்க் இணைப்பை யாராவது சீரியலைஸ் செய்து கேஷில் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். வைப்பார்கள்.

8.1-இல் எங்கள் கிளாஸை நீட்டித்தவர்களுக்கு டெப்ரிகேஷன் வருகிறது என்று புகார்.

எஞ்சினின் சொந்த மெத்தட்களுக்கு 8.1-இல் ‘தற்காலிக’ ரிடர்ன் வகை கொடுத்தார்கள்: மேலெழுதும் கிளாஸ் வகையைச் சொல்லாவிட்டால் விழாது, ஆனால் எச்சரிக்கும். நீங்களும் உங்கள் மெத்தட்களுக்கு அப்படியே தரலாம், ஸ்டப்பில் ஒரு குறிப்புதான். பயனர் பக்கத்தில் எச்சரிக்கையை அடக்க ‘ரிடர்ன் டைப் வில் சேஞ்ச்’ அட்ரிப்யூட் இருக்கிறது. அதே 8.1-இல் ‘நல்’ ஏற்காத ஸ்ட்ரிங், எண் பாராமீட்டருக்கு ‘நல்’ அனுப்புவதும் டெப்ரிகேட் ஆனது. உங்கள் கோடில் எதுவும் மாறாமலே புகார் வரும். ‘நல்’ அர்த்தமுள்ளது என்றால் பாராமீட்டரை அப்படி அறிவியுங்கள். இல்லையென்றால் பயனர்தான் திருத்த வேண்டும்.

8.2-க்குப் பிறகு லிஸ்ட்டில் ஒன்று விட்டு ஒன்று காணாமல் போகிறது!

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

7-இலிருந்து 8.1 வரை, எந்த அரேயாக இருந்தாலும் ஒவ்வொரு உறுப்பும் ‘பக்கெட்’ என்ற 32 பைட் ஸ்ட்ரக்டில் இருக்கும்: 16 பைட் இசட்வால், 8 பைட் ஹேஷ், 8 பைட் கீயின் பாயின்டர். 0, 1, 2 என்று வரிசையாகப் போகும் லிஸ்ட்டுக்கு ஹேஷும் கீயும் வீண். அதனால் 8.2-இல் அப்படிப்பட்ட ‘பேக்ட்’ அரேகளில் வெறும் இசட்வால்களை, 16 பைட் வீதம், அடுக்கிவிட்டார்கள். மெமரி பாதியாகக் குறைந்தது. நல்ல மாற்றம்.

இப்போது உங்கள் பழைய லூப்பைப் பாருங்கள். அரேயின் உறுப்புகளைச் சுட்டும் ‘ஏஆர் டேட்டா’விலிருந்து தொடங்கி, பக்கெட் பாயின்டரை ஒன்று ஒன்றாக நகர்த்துகிறது. ‘ஏஆர் டேட்டா’வும் புதிய ‘ஏஆர் பேக்ட்’டும் ஒரே யூனியனுக்குள் இருப்பதால், பெயர் இருக்கிறது, வகை பொருந்துகிறது, கம்பைலருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. லூப் 32 பைட் தாவுகிறது. உறுப்புகளோ 16 பைட்டுக்கு ஒன்று. எட்டு உறுப்புள்ள லிஸ்ட்டில் நீங்கள் பார்ப்பது 0, 2, 4, 6. அதன் பிறகு அரேயின் எல்லையைத் தாண்டி, யாருடைய மெமரியோ. நடுவில் கீயைப் பார்க்கும் கோட் இருந்தால் இன்னும் சீக்கிரம் விழும்: கீயின் பாயின்டர் என்று நீங்கள் படிப்பது அடுத்த உறுப்பின் வகைக்குறி. முழு எண்ணுக்கு அந்தக் குறி 4. நான்காம் முகவரியில் ஸ்ட்ரிங் தேடினால் செக்மென்டேஷன் ஃபால்ட்தான்.

ஒரே உறுப்புள்ள அரேயில் எந்தத் தப்பும் தெரியாது. ஸ்ட்ரிங் கீ உள்ள அரேகளில் எதுவும் மாறவில்லை, அவையும் சரியாக ஓடும். நம் டெஸ்டுகளில் எப்போதும் இருப்பது இந்த இரண்டும்தானே.

‘ஸெண்ட் ஹேஷ் ஃபார்ஈச்’ குடும்ப மேக்ரோக்களைப் பயன்படுத்தியவர்களுக்கு 8.2-இல் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை; மேக்ரோவே இரண்டு அமைப்பையும் பார்த்துக்கொள்ளும். லிஸ்ட்தான் வரும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் ‘பேக்ட்’ வடிவம், இல்லையென்று தெரிந்த இடத்தில் ‘மேப்’ வடிவம் என்று வேகத்துக்காகத் தனியாகவும் உண்டு. சோர்ஸ் முழுக்க ‘ஏஆர் டேட்டா’ என்று தேடுங்கள். வரும் ஒவ்வொரு இடமும் சந்தேகத்துக்குரியது.

ரெஃப்கவுண்ட் எண்ணிக்கையை நேராக ஏற்றி இறக்கக்கூடாது என்கிறார்களே?

7.3-இலிருந்து ‘ஜிசி ரெஃப்கவுண்ட்’டின் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட முடியாது, ‘ஜிசி ஆட்ரெஃப்’, ‘ஜிசி டெல்ரெஃப்’ வழியாகத்தான். அது கம்பைலில் தெரிந்துவிடும். தெரியாதது இன்னொன்று: எண்ணிக்கையே தொடக்கூடாத மதிப்புகள் உண்டு. இன்டர்ன் செய்த (ஒரே பிரதியாக வைத்துப் பகிரும்) ஸ்ட்ரிங், மாற்றமுடியாத அரே, 7.3-இலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஒரே காலி அரே. வந்த அரேயில் எழுதும் முன் ‘செபரேட் அரே’ செய்யாவிட்டால், கம்பைல் ஆன பிஎச்பி கோடைச் சேமித்து வைக்கும் ஆப்கேஷின் பகிர்வு மெமரிக்குள் எழுதிவிடுவீர்கள். உங்கள் எக்ஸ்டென்ஷன் செய்த தப்பு வேறு யாருடைய ரிக்வெஸ்டிலோ முளைக்கும். டெஸ்ட் ஓட்டும்போது ‘ஆப்கேஷ் டாட் புரொடெக்ட் மெமரி’யை 1 ஆக்குங்கள். தப்பு நடந்த இடத்திலேயே விழும்.

ஒரே சோர்ஸில் 7-க்கும் 8-க்கும் கட்ட முடியுமா?

முடியும். ‘பிஎச்பி வெர்ஷன் ஐடி’ 80000-க்குக் கீழே என்றால் இது, மேலே என்றால் அது. ஆனால் அந்த ‘இஃப்’களைக் கோட் முழுவதும் தூவாதீர்கள். ஒரே ஹெடரில் சொந்தமாக நாலு மேக்ரோ எழுதி, பழைய பதிப்புகளைப் புதியது மாதிரி நடிக்க வையுங்கள். மற்ற கோப்புகள் புதிய ஏபிஐயை மட்டும் பேசட்டும். பழைய பதிப்பைக் கைவிடும் நாளில் அந்த ஹெடரை அழித்தால் போதும். தலைகீழாக, புதியதைப் பழையது மாதிரி நடிக்க வைத்தால் அந்த நாள் வரவே வராது. 5-ஐயும் 7-ஐயும் ஒரே சோர்ஸில் வைக்க முயன்றிருக்கிறேன். இரண்டு கிளையாகப் பிரிப்பதே மேல்.

எப்படி டெஸ்ட் செய்வது?

டீபக் பில்ட் ஒன்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். விடுவிக்காத மெமரியை எந்தக் கோப்பில் எந்த வரியில் ஒதுக்கினீர்கள் என்று முடியும்போது பட்டியல் போட்டுவிடும். மெமரித் தப்புகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் அல்லது வால்கிரைண்டோடு ஓட்டும்போது ‘யூஸ் ஸெண்ட் அலாக்’ சூழல் மாறியை 0 ஆக்குங்கள்; இல்லையென்றால் எஞ்சினின் சொந்த மெமரி மேலாளர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். வால்கிரைண்டில் உங்கள் ஃபங்ஷன் பெயர்களுக்குப் பதில் கேள்விக்குறி வந்தால், ‘ஸெண்ட் டோன்ட் அன்லோட் மாட்யூல்ஸ்’ 1. த்ரெட் பாதுகாப்புள்ள பில்ட் ஒன்று. ஆப்டிமைஸ் செய்த பில்ட் ஒன்று, மேலே சொன்ன கொடிக் கதைக்காக.

‘பிஎச்பிடி’ (பிஎச்பியின் டெஸ்ட் கோப்பு வடிவம்) டெஸ்டுகளில் அரே வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஐந்து வகை அரே கொடுங்கள்: காலி, பல உறுப்புள்ள லிஸ்ட், நடுவில் ‘அன்செட்’ செய்த லிஸ்ட், ஸ்ட்ரிங் கீ உள்ளது, ரெஃபரென்ஸ் உள்ளது. மேலே சொன்ன சத்தமில்லாத பிரச்சினைகளில் பாதி இதிலேயே சிக்கும்.

இத்தனை தொல்லைக்கு எஃப்எஃப்ஐ போதாதா?

பிஎச்பி கோடிலிருந்தே சி ஃபங்ஷனைக் கூப்பிட வைக்கும் எஃப்எஃப்ஐ 7.4-இல் வந்தது. ஒரு சி லைப்ரரியின் பத்து ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என்றால் போதும். உள் ஏபிஐ மாற்றம் எதுவும் உங்களைத் தொடாது. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் செலவு அதிகம், முன்னிருப்பாக வெப் ரிக்வெஸ்டில் ப்ரீலோட் செய்த (சர்வர் தொடங்கும்போதே ஏற்றி வைத்த) கோடுக்கு மட்டுமே திறந்திருக்கும், எஞ்சினின் ஹேண்ட்லர்களுக்குள் நுழையவும் வழியில்லை. சின்ன எக்ஸ்டென்ஷன்களைத் தயங்காமல் எஃப்எஃப்ஐக்கு மாற்றிவிடலாம் என்பது என் கட்சி.

8.4-இல் கவனிக்க வேண்டியது?

ப்ராப்பர்ட்டியைப் படிக்கும்போதும் எழுதும்போதும் பயனர் கோடை ஓட்டும் ப்ராப்பர்ட்டி ஹூக்கும், தேவைப்படும்போது மட்டும் உருவாகும் லேஸி ஆப்ஜெக்டும் வந்துவிட்டன. ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டி அட்டவணையை நேராகக் கையை விட்டுத் துழாவும் கோட் இருந்தால், அங்கே மதிப்பு இன்னும் உருவாகாமலே இருக்கலாம், அல்லது மதிப்பு என்று ஒன்று சேமிக்கப்படாமல் ஹூக் மட்டும் இருக்கலாம். ‘ஸெண்ட் ரீட் ப்ராப்பர்ட்டி’ வழியாகப் போங்கள். படிப்பது ஒரு பயனர் கோடை ஓட்டக்கூடும், அது எக்ஸெப்ஷன் எறியக்கூடும். படித்த கையோடு எக்ஸெப்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய பதிப்புக்கு எப்போது வேலையை ஆரம்பிப்பது?

வெளியீடு பெரும்பாலும் நவம்பர் கடைசியில். மேலே கொடுத்த ஏபிஐ எண்களைத் தேதியாகப் படித்துப் பாருங்கள்: ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிக்குள். உள் ஏபிஐ நிலைப்படுவது அப்போதுதான். அதற்கு முன்னால் ஆரம்பித்தால் நீங்கள் மாற்றியதை அவர்கள் திரும்ப மாற்றலாம். ஆனால் ‘இந்த மாற்றம் எங்களை உடைக்கிறது’ என்று சொன்னால் கேட்கிற காலமும் அதுதான். நான் ஜூலையில் ஆல்ஃபா வந்ததும் ஒரு முறை கட்டி எரர்களை மட்டும் எண்ணிப் பார்ப்பேன். எண் மாறிய பிறகு உட்கார்ந்து திருத்துவேன்.